பல கோப்புகளாகப் பிரிந்த நூலை லேடெக்கில் கம்பைல் செய்வது: கடலோர ஊர்களைப் பற்றிய ஒரு நூலை முன்வைத்து

தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள கடலோர ஊர்களைப் பற்றிப் பலர் சேர்ந்து எழுதும் ஒரு நூலை, ஊருக்கு ஓர் அத்தியாயம் என்று தனித்தனிக் கோப்புகளாக வைத்து, கட்டளைகள் கலந்த உரையைப் பக்கங்களாக மாற்றும் லேடெக் என்னும் அச்சுக்கோப்பு முறையில் கம்பைல் செய்வதாக, அதாவது நிரலை ஓட்டி அச்சுக்கோப்பதாக, எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல்கள் நான்கு. அத்தியாயக் கோப்புறைக்குள் இருக்கும் படம் கிடைக்கவில்லை என்று பிழைச்செய்தி வருகிறது. பாம்பன் அத்தியாயத்தை மட்டும் பார்க்க வேண்டியிருந்தாலும் முழு நூலும் ஓடி முடியக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஓர் அத்தியாயம் இன்னோர் அத்தியாயத்தைச் சுட்டும் இடங்களில் எண்ணுக்குப் பதிலாக ?? நிற்கிறது. கடைசியாக, மீன் பெயர்களின் சொல்லடைவு அகரவரிசையில் அமையவில்லை. கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கோப்பில் இடும்போது அவற்றின் வழக்கமான எழுத்துகளில், முன்னால் பின்சாய்கோட்டுடன் தட்டிக்கொள்ளுங்கள்.

இந்த நான்கில் முதல் மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. லேடெக்கைப் பொறுத்தவரை உங்கள் அத்தியாயம் ஓர் ஆவணமே அன்று. மெயின் கோப்பு ஒன்றுதான் ஆவணம், மற்றவை அதற்குள் வந்து விழும் உரைத்துண்டுகள். ஆகவே கம்பைல் செய்யும்போது நிரல் எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டிருக்கிறது, முந்தைய ஓட்டத்திலிருந்து எந்தத் துணைக்கோப்பை அது படிக்கிறது என்னும் இரண்டையும் தெரிந்துகொண்டால், பல கோப்புத் திட்டங்களில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தானாகப் பிடிபட்டுவிடும்.

பாதையை முதலில் எடுத்துக்கொள்வோம். 'அத்தியாயங்கள்' என்ற கோப்புறைக்குள் 'பாம்பன்' என்று ஒரு கோப்பும், அதன் பக்கத்திலேயே 'படங்கள்' என்று ஒரு கோப்புறையும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் கோப்பை எழுதுபவர் தம் பக்கத்தில் இருப்பதை நம்பி 'படங்கள்/தூக்குப்பாலம்' என்று பாதை கொடுக்கிறார். ஆனால் நிரலோ மெயின் கோப்பு இருக்கும் மேல் கோப்புறையில் நிற்கிறது; அங்கிருந்து பார்த்தால் அப்படி ஒரு பாதை இல்லை. இன்புட் கட்டளை வழியாக ஒரு கோப்பைச் சேர்ப்பதால் நிரல் அந்தக் கோப்பின் கோப்புறைக்கு நகர்ந்துவிடுவதில்லை. இதற்கு நான் பரிந்துரைக்கும் தீர்வு மிகச் சாதாரணமானது: எல்லாப் பாதைகளையும், எந்தக் கோப்புக்குள் எழுதினாலும், மெயின் கோப்பு இருக்கும் இடத்திலிருந்தே எழுதுவது என்று குழுவில் முடிவெடுத்துவிடுங்கள். அல்லது முகவுரைப் பகுதியில் (நூலின் முன்னுரை அன்று; மெயின் கோப்பில் உரை தொடங்குவதற்கு முன் அமைப்புகளை எழுதும் பகுதி) கிராஃபிக்ஸ்பாத் கட்டளையில் படக் கோப்புறைகளையெல்லாம் ஒருமுறை பட்டியலிட்டுவிட்டு, அத்தியாயங்களில் படத்தின் பெயரை மட்டும் கொடுங்கள். இரண்டாவது வழியில் ஒரு கண்ணி உண்டு. பெரியபட்டினம் அத்தியாயத்துக்கும் கீழக்கரை அத்தியாயத்துக்கும் 'வரைபடம்' என்ற ஒரே பெயரில் படம் இருந்தால், பட்டியலில் முதலில் வரும் கோப்புறையில் உள்ள படமே இரண்டு இடங்களிலும் ஏறிவிடும், பிழைச்செய்தியும் வராது. ஆகவே படத்தின் பெயரிலேயே ஊரின் பெயரையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

இம்போர்ட் என்ற தொகுப்பை (லேடெக்கில் கூடுதலாக ஏற்றிக்கொள்ளும் கட்டளைத் திரட்டைத் தொகுப்பு என்கிறேன்) பயன்படுத்தி, கோப்புறையையும் கோப்பையும் தனித்தனியே கொடுத்தால், அந்தக் கோப்புக்குள் வரும் பாதைகள் அதன் கோப்புறையிலிருந்தே கணக்கிடப்படும். ஒவ்வோர் அத்தியாயத்தையும் அதன் படங்களோடு சேர்த்து ஒரே பொட்டலமாக வேறொரு நூலுக்கும் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால் இது பயன்படும். உங்கள் நூலுக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. (2023-இல் பொதுவெளிக்கு வந்த டைப்ஸ்ட் என்னும் புதிய அச்சுக்கோப்பு முறையில், படத்தின் பாதை அதை எழுதிய கோப்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அதைப் பழகிவிட்டு லேடெக்குக்கு வருபவர்கள் இந்த இடத்தில் இன்னும் அதிகமாகத் தடுமாறுகிறார்கள்.)

பாதை தொடர்பாகவே இன்னொன்று. விண்டோஸ் கணினியில் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்படுத்தப்படுவதில்லை. லினக்ஸில் அது கண்டிப்பு. ஒருவருடைய கணினியில் ஒழுங்காக ஓடும் நூல் மற்றவருடைய கணினியில் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று நிற்பதற்கு இதுவே முதற்காரணம். கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்திலும், இடைவெளி விடாமலும் வைத்துவிடுங்கள். 2019-ஆம் ஆண்டு இறுதியில் வந்த லேடெக் பதிப்பிலிருந்து இடைவெளியுள்ள பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் ஏற்கப்படுகின்றன என்பது உண்மைதான்; ஆனால் உங்கள் கோப்புகளைக் கையாளப்போவது லேடெக் மட்டுமன்று.

இனி இன்புட், இன்க்ளூட் என்ற இரண்டு கட்டளைகளின் வேறுபாடு. இன்புட் என்பது அந்த இடத்தில் கோப்பின் உள்ளடக்கத்தை அப்படியே தட்டச்சு செய்ததற்குச் சமம். பத்தியின் நடுவிலும் வரலாம், ஒன்றுக்குள் ஒன்றாகவும் வரலாம். இன்க்ளூட் அப்படியன்று. அது புதிய பக்கத்தில்தான் தொடங்கும், முடிந்ததும் பக்கத்தை மூடிவிடும், ஒன்றுக்குள் இன்னொன்றை வைக்க முடியாது. இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் ஈடாக அது தருவது ஒன்றுதான்: அவ்வாறு சேர்க்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஓர் ஆக்ஸ் கோப்பை, அதாவது துணைக்கோப்பை, எழுதி வைக்கிறது. அந்த அத்தியாயத்தில் உள்ள லேபிள்கள், அதாவது வேறிடத்திலிருந்து சுட்டுவதற்காக வைக்கும் அடையாளப் பெயர்கள், எந்தெந்தப் பக்கத்தில் விழுந்தன, பொருளடக்கத்துக்குச் செல்ல வேண்டிய தலைப்புகள் எவை, அத்தியாயம் முடியும்போது பக்க எண், பட எண், அட்டவணை எண், அடிக்குறிப்பு எண் ஆகியவை எதில் நின்றன என்பதெல்லாம் அதற்குள் பதிவாகின்றன.

இந்தப் பதிவுதான் உங்கள் இரண்டாம் சிக்கலுக்கு மருந்து. முகவுரைப் பகுதியில் இன்க்ளூட்ஒன்லி கட்டளையில் பாம்பன் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், மற்ற அத்தியாயங்கள் அச்சுக்கோக்கப்படுவதில்லை. ஆனால் அவற்றின் துணைக்கோப்புகள் படிக்கப்படுகின்றன. அதனால் பாம்பன் அத்தியாயம் தனக்குரிய அத்தியாய எண்ணுடனும் சரியான பக்க எண்ணுடனும் வருகிறது. தேவிபட்டினம் அத்தியாயத்தில் உள்ள அட்டவணையைச் சுட்டும் இடத்திலும் எண் ஒழுங்காக நிற்கிறது. லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் லேடெக்கை உருவாக்கியபோது ஒரு முழு நூலைக் கணினி ஓட்டி முடிப்பதே நெடுநேர வேலையாக இருந்தது. கணினிகள் எவ்வளவோ விரைவாகிவிட்டன. ஆயினும் படங்கள் நிறைந்த நூல்களுக்கு இக்கட்டளையின் தேவை இன்னும் தீரவில்லை.

இதைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலில் முழு நூலையும் ஒருமுறையாவது ஓட்டியிருக்க வேண்டும். இல்லையேல் படிப்பதற்குத் துணைக்கோப்புகளே இருக்கமாட்டா. இன்க்ளூட்டில் கோப்புறையோடு பெயரை எழுதியிருந்தால், இன்க்ளூட்ஒன்லியிலும் கோப்புறையோடு அதே பெயரை எழுத வேண்டும். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் எழுதுவது பாதுகாப்பு. கோப்பின் பின்னொட்டை இரண்டிலும் விட்டுவிடுங்கள். பாம்பன் அத்தியாயம் நான்கு பக்கம் வளர்ந்துவிட்டால், அதற்குப் பின்னால் வரும் அத்தியாயங்களின் பக்க எண்கள் அடுத்த முழு ஓட்டம் வரை பழையபடியே இருக்கும். பார்வைப்படிக்கு அது போதும், அச்சகத்துக்கு அனுப்பும் படிக்குப் போதாது. சொல்லடைவோ இப்படிப் பாதுகாக்கப்படுவதில்லை. அதற்கான கோப்பு ஒவ்வோர் ஓட்டத்திலும் புதிதாக எழுதப்படுவதால், ஓர் அத்தியாயத்தை மட்டும் ஓட்டினால் அந்த அத்தியாயத்தின் சொற்கள் மட்டுமே அடைவில் இருக்கும். இதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

அத்தியாயக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கேயே கம்பைல் பொத்தானை அழுத்துவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்தக் கோப்பில் ஆவண வகை அறிவிப்பே இல்லை என்பதால் முதல் வரியிலேயே பிழை வரும். டெக்ஸ்டுடியோ, டெக்வொர்க்ஸ் போன்ற எழுதி நிரல்களில், அதாவது கோப்புகளைத் தட்டித் திருத்தும் நிரல்களில், இதற்கு எளிய வழி உண்டு: அத்தியாயக் கோப்பின் முதல் வரியில், விழுக்காட்டுக் குறியும் வியப்புக்குறியும் இட்டு, 'டெக் ரூட்' என்று எழுதி, சமக்குறிக்குப் பின் மெயின் கோப்பின் பாதையைக் கொடுங்கள். லேடெக்குக்கு அது வெறும் கருத்துரை. எழுதி நிரலுக்கோ 'இங்கே பொத்தானை அழுத்தினாலும் அந்தக் கோப்பையே ஓட்டு' என்ற ஆணை. மெயின் கோப்பு மேல் கோப்புறையில், அத்தியாயங்கள் அதற்குக் கீழே என்ற அமைப்பை மாற்றாதீர்கள். மேலே உள்ள கோப்புறைக்குள் ஏறிச் சென்று கோப்பு எழுதுவதை, லேடெக்கைக் கணினியில் நிறுவித்தரும் டெக் லைவ் என்னும் மென்பொருள் தொகுதி பாதுகாப்புக் கருதித் தடுத்து வைத்திருக்கிறது. ஆதலால் மெயின் கோப்பை ஒரு மூலைக் கோப்புறையில் வைத்துவிட்டு, இரண்டு புள்ளிகள் இட்டு மேலேறிச் செல்லும் பாதையில் அத்தியாயங்களை இன்க்ளூட் செய்தால், துணைக்கோப்பை எழுத முடியாமல் ஓட்டம் நின்றுவிடும். வெளியீட்டுக் கோப்புகளைத் தனிக் கோப்புறைக்கு அனுப்பும் விருப்பத்தேர்வை வைத்து ஓட்டினாலும் ஏறத்தாழ இதே பிழை வரும். அந்த வெளியீட்டுக் கோப்புறைக்குள்ளும் 'அத்தியாயங்கள்' என்ற உள்கோப்புறையை நீங்களே உருவாக்கி வைத்தால் அது தீரும்.

சப்ஃபைல்ஸ் என்ற தொகுப்பைப் பலரும் முதலிலேயே பரிந்துரைப்பார்கள். அதில் ஒவ்வோர் அத்தியாயக் கோப்பும் மெயின் கோப்பின் முகவுரைப் பகுதியைக் கடன் வாங்கிக்கொண்டு தனி ஆவணமாகவும் ஓடும், நூலுக்குள்ளும் ஓடும். நன்றாக எழுதப்பட்ட தொகுப்புதான். ஆனால் தனியே ஓடும்போது பாம்பன் அத்தியாயம் முதல் அத்தியாயமாகவும் முதல் பக்கமாகவும் வருகிறது. பிற அத்தியாயங்களைச் சுட்டும் இடங்களில் ?? வருகிறது; அதைத் தீர்க்க எக்ஸ்ஆர் என்ற இன்னொரு தொகுப்பைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் படித்துக்காட்ட ஓர் அத்தியாயத்தைத் தனி வெளியீடாகத் தர வேண்டும் என்ற நிலை வந்தால் சப்ஃபைல்ஸை எடுங்கள். எழுதும் காலத்து விரைவுக்காக மட்டும் என்றால் இன்க்ளூட்ஒன்லியே போதும்.

மூன்றாவது, அந்த ?? குறிகள். லேடெக் ஒரு பக்கத்தை அச்சுக்கோக்கும் நேரத்தில் பின்னால் வரப்போகும் அத்தியாயத்தின் பக்க எண் அதற்குத் தெரியாது. முதல் ஓட்டத்தில் எழுதி வைத்ததை இரண்டாம் ஓட்டத்தில் படிக்கிறது. பொருளடக்கம் புதிதாக முளைத்துப் பக்கங்கள் நகர்ந்தால் மூன்றாம் ஓட்டம் வேண்டும். இடையில் துணைநூற்பட்டியலுக்கு பைபர் என்ற நிரலும் சொல்லடைவுக்கு அதற்குரிய நிரலும் ஓட வேண்டும். இந்த வரிசையைக் கையால் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. லேடெக்எம்கே என்ற நிரல் டெக் லைவ் தொகுப்போடு வருகிறது. எந்தக் கோப்பு மாறியிருக்கிறது, எத்தனை முறை ஓட வேண்டும் என்பதை அதுவே கணித்து ஓட்டும். மெயின் கோப்பின் பக்கத்தில் லேடெக்எம்கேயின் அமைப்புக் கோப்பை வைத்து, அதில் பிடிஎஃப் மோட் என்ற மாறிக்கு 5 என்று மதிப்புக் கொடுத்தால் ஸீலேடெக்கிலும், 4 என்று கொடுத்தால் லுவாலேடெக்கிலும் ஓடும் (இரண்டும் யூனிகோடு உரையை நேரடியாக ஏற்கும் லேடெக் எஞ்சின்கள், அதாவது அச்சுக்கோப்பை நடத்தும் நிரல்கள்). அந்தக் கோப்பு திட்டத்தோடு சேர்ந்து பயணம் செய்வதால், குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் எந்த எஞ்சினில் ஓட்ட வேண்டும் என்று தனித்தனியே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு ?? அகலவில்லை என்றால், ஓட்டத்தில் குறையில்லை, லேபிளில்தான் குறை. தமிழில் லேபிள் எழுதுபவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இங்கே ஒளிந்திருக்கிறது. பல பேர் பல விசைப்பலகைகளில் தட்டும் நூலில் அது கட்டாயம் வரும். காற்றுகளைப் பற்றிய அத்தியாயத்தில் ஒருவர் 'கொண்டல்' என்று லேபிள் வைக்கிறார். மீன்பிடி காலங்களைப் பற்றிய அத்தியாயத்தில் இன்னொருவர் 'கொண்டல்' என்று சுட்டுகிறார். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் துணைக்காலும் அடுத்தடுத்து வரும் இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். லேடெக் லேபிளை ஒப்பிடும்போது எழுத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை. குறிகளின் வரிசையையே பார்க்கிறது. இரண்டு வரிசைகளும் வேறு என்பதால் அந்த லேபிள் இல்லை என்கிறது. ஸீலேடெக்கில் ஸீடெக்இன்புட்நார்மலைசேஷன் என்ற மாறிக்கு முகவுரையின் தொடக்கத்திலேயே 1 என்று மதிப்புக் கொடுத்தால், உள்ளே வரும் உரை முழுவதும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரப்பட்டு இச்சிக்கல் மறையும். ஆனால் 'பௌர்ணமி' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் தட்டியிருந்தால் அது எழுத்துப்பிழையே ஆதலால் எந்த இயல்பாக்கமும் அதைத் திருத்தாது. தேடிப் பிடித்து மாற்றத்தான் வேண்டும். லேபிள்களை மட்டுமாவது ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஊரின் பெயரை முன்னொட்டாக வைத்து எழுதுங்கள் என்பதே என் கருத்து. முன்னொட்டு இருந்தால் இரண்டு அத்தியாயங்களில் ஒரே லேபிள் வந்து, 'பலமுறை வரையறுக்கப்பட்டது' என்ற எச்சரிக்கையைக் கிளப்பும் தொல்லையும் இராது. தமிழ் உரைக்குள் ஆங்கில லேபிளா என்று தயங்க வேண்டாம். அது வாசகரின் கண்ணில் படப்போவதே இல்லை.

இதோடு சேர்த்து ஒன்று. உங்கள் குழுவில் யாராவது பழைய அரசாவணங்களிலிருந்தோ பழைய தட்டச்சுப் பணிகளிலிருந்தோ பகுதிகளை எடுத்துத் தருவார்கள் என்றால், அவை வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் இருக்க வாய்ப்பு அதிகம். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்ற பின்னும் அவ்வகைக் கோப்புகள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே திட்டக் கோப்புறைக்குள் அனுமதியுங்கள். உள்ளே வந்த பின் எந்தப் பத்தி எந்தக் குறியாக்கம் என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு.

எழுத்துருவும் திட்டக் கோப்புறைக்குள்ளேயே இருக்கட்டும். கணினியில் நிறுவிய எழுத்துருவை நம்பினால், ஒருவரிடம் உள்ள நோட்டோ செரிஃப் தமிழின் பதிப்பும் மற்றவரிடம் உள்ளதும் வேறுபட்டு, வரிமுறிவுகளும் அதனால் பக்க எண்களும் ஆளுக்கு ஆள் மாறிவிடலாம். ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் எழுத்துருவின் பாதையைக் கொடுத்து, எழுத்துமுறை தமிழ் என்று குறிப்பிட்டு ஏற்றுங்கள். லுவாலேடெக்கைப் பயன்படுத்துவோர் ரெண்டரர் என்பதற்கு ஹார்ஃப்பஸ் என்றும் கொடுக்க வேண்டும். டெக் லைவ் 2020 முதல் அது எஞ்சினோடு இணைந்தே வருகிறது. அது இல்லாமல் தமிழின் கொம்புகள் இடம் மாறி நிற்கும் அபாயம் உண்டு. இந்த அமைப்புகளையெல்லாம் ஒரே பாணிக் கோப்பில் வைத்து மெயின் கோப்பு அதை அழைக்கட்டும். அத்தியாயக் கோப்புகளில் ஒருவரும் தொகுப்பு எதையும் ஏற்றக்கூடாது, ஏற்றவும் முடியாது.

அட்டவணைகளைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. வலை வகைகளையும் அவற்றில் படும் மீன்களையும் பட்டியலிடும் அட்டவணையின் வரிசைகளை மட்டும் ஒரு கோப்பில் வைத்து, அட்டவணைச் சூழலுக்கு நடுவே இன்புட் செய்தால், அதற்குப் பின் வரும் கிடைக்கோட்டுக் கட்டளையில் 'மிஸ்பிளேஸ்ட் நோஅலைன்' என்ற புரியாத பிழை வரும். லேடெக்கின் இன்புட் கட்டளை கோப்பைப் படித்த பின் வேறு சில வேலைகளையும் செய்வதால் புதிய அட்டவணைக் கலம் தொடங்கிவிடுவதே காரணம். அட்டவணைச் சூழலை, தொடக்கமும் முடிவும் உள்பட, முழுதாக அந்தக் கோப்புக்குள் வைத்துவிடுவது எளிது.

ஓட்டம் மெதுவாக இருப்பதற்கு உரை காரணமாக இருப்பது அரிது, படங்களே காரணம். 12 சென்டிமீட்டர் அகலத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் அச்சாகும் நிழற்படத்துக்கு ஏறக்குறைய 1,420 பிக்சல் அகலம் போதும். கேமராவிலிருந்து வந்த ஆறாயிரம் பிக்சல் படத்தை அப்படியே ஏற்றுவதால் அச்சில் எந்த நன்மையும் இல்லை. நிழற்படங்களை ஜேபெக் வடிவில் வையுங்கள். அது பெரும்பாலும் அப்படியே பிடிஎஃப்புக்குள் பதிகிறது. ஒளிபுகும் பின்னணி கொண்ட பிஎன்ஜி படத்தையோ விரித்து, நிறத்தையும் ஒளிபுகுதன்மையையும் பிரித்து மீண்டும் சுருக்க வேண்டியிருப்பதால் ஒவ்வோர் ஓட்டத்திலும் நேரம் செலவாகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் காட்டும் வரைபடத்தை டிக்இசட் என்னும் படம் வரையும் தொகுப்பின் கட்டளைகளால் வரைந்திருக்கிறீர்கள் என்றால், அதை ஸ்டாண்டலோன் என்ற ஆவண வகையில் தனிக் கோப்பாக ஒருமுறை ஓட்டிப் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு, நூலில் அந்தப் பிடிஎஃப்பைப் படமாகச் சேருங்கள். கரைக்கோட்டின் நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஒவ்வொரு முறையும் லேடெக் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எழுதும் காலத்தில் கிராஃபிக்ஸ் தொகுப்புக்கு டிராஃப்ட் விருப்பத்தேர்வைக் கொடுத்தால் படங்களுக்குப் பதில் அதே அளவுள்ள வெற்றுக் கட்டங்கள் வரும். பக்க அமைப்பும் மாறாது.

பிழை எந்தக் கோப்பில் என்று கண்டுபிடிக்க, ஓட்டும் கட்டளையில் ஃபைல்-லைன்-எர்ரர் விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தியின் முன்னால் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும். இது இல்லாவிட்டால், ஓட்டத்தின் செய்திகள் பதிவாகும் லாக் கோப்பில் திறந்து மூடும் அடைப்புக்குறிகளை எண்ணித்தான் கோப்பைக் கண்டறிய வேண்டும். பிடிஎஃப்பையும் மூலக்கோப்பையும் இணைக்கும் சின்க்டெக் வசதியையும் இயக்கி வைத்தால், பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தொட்டதும் எழுதி நிரல் அந்த அத்தியாயக் கோப்பைத் திறந்து அவ்வரிக்கே கொண்டுபோய் விடும். மூடாமல் விட்ட ஒரு சூழல் தேவிபட்டினம் அத்தியாயத்தில் இருக்க, அதற்கான முறையீடு ஆற்றங்கரை அத்தியாயத்திலோ நூலின் முடிவிலோ வருவதும் உண்டு. அப்போது இன்க்ளூட்ஒன்லியில் அத்தியாயங்களை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கையோடு மின்சாரமும் போகும் நம் பக்கத்தில், ஓட்டத்தின் நடுவே கணினி அணைந்து, துணைக்கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிட வாய்ப்பு உண்டு. அடுத்த ஓட்டத்தில், உங்கள் உரையில் எந்தப் பிழையும் இல்லாமலே, 'படித்துக்கொண்டிருக்கும்போதே கோப்பு முடிந்துவிட்டது' என்ற பொருளில் பிழைச்செய்தி வரும். உரையைத் திருத்தப் போகாதீர்கள். அந்த ஆக்ஸ் கோப்பை அழித்துவிட்டு இன்க்ளூட்ஒன்லி இல்லாமல் முழு நூலையும் ஓட்டுங்கள். இதே காரணத்தால், லேடெக்எம்கேயின் துப்புரவுக் கட்டளையை ஓர் அத்தியாயத்தோடு மல்லாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கொடுக்க வேண்டாம். மற்ற அத்தியாயங்களின் எண்களெல்லாம் அதோடு போய்விடும்.

ஓவர்லீஃப் போன்ற இணையச் சேவையில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கும் உள்ளே ஓடுவது லேடெக்எம்கேதான். அமைப்புகளில் மெயின் கோப்பு எது, எஞ்சின் எது என்று தெரிவு செய்துவிட்டால் மேலே சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும். இலவசக் கணக்கில் ஓட்டத்துக்கு நேர வரம்பு இருப்பதால், படம் மிகுந்த நூல் முழுதாக ஓடாமல் நிற்கலாம். எழுதுவதை அங்கும், இறுதிப் படியை ஒருவருடைய சொந்தக் கணினியிலும் வைத்துக்கொள்வதே உங்கள் குழுவுக்கு ஏற்றது என்பேன்.

இனிச் சொல்லடைவு. இது முந்திய மூன்றோடு ஒட்டாத தனிச் சிக்கல். சொல்லடைவை அடுக்கித் தரும் மேக்இண்டெக்ஸ் நிரலுக்குத் தமிழ் அகரவரிசை தெரியாது. அது யூனிகோடு எண்களின் வரிசையில் அடுக்குகிறது. அந்த வரிசையில் ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் இருக்கின்றன. நெடுங்கணக்கிலோ வகரத்துக்குப் பின்னரே ழகரமும் ளகரமும் வருகின்றன. அதனால்தான் உங்கள் அடைவில் வாளை முன்னும் வாவல் பின்னுமாக நிற்கின்றன. நகரத்துக்கு அடுத்தே னகரமும், ரகரத்துக்கு அடுத்தே றகரமும், சகரத்துக்கு அடுத்தே ஜகரமும் அமைந்திருப்பதாலும் இதே குழப்பம் விளையும். புள்ளி வைத்த மெய்யின் இடம் இன்னொரு கேள்வி. யூனிகோடு எண் வரிசையில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், 'கடல்விரால்' முன்னும் 'கட்டா' பின்னும் வரும். மெய்யை உயிர்மெய்க்கு முன் வைப்பதும் பின் வைப்பதும் ஆகிய இரு வழக்குகளும் அச்சிட்ட அகராதிகளிலேயே உண்டு என்பதால், இதில் எது சரி என்று வாதிடுவதைவிட நூலுக்கு எது என்று நீங்கள் முடிவு செய்துகொள்வதே வழி.

முடிவு செய்தபின், சொல்லடைவுக் கட்டளையில் அடுக்குவதற்கான சாவியை முதலில் எழுதி, அட் குறியிட்டு, பிறகு அச்சில் தோன்ற வேண்டிய சொல்லை எழுதலாம். நிரல் சாவியைப் பார்த்து அடுக்கும், சொல்லை அச்சிடும். சாவியை நெடுங்கணக்கு வரிசையில் எழுத்துக்கு இரண்டிலக்க எண்ணாக அமைத்து, எல்லாச் சாவிகளுக்கும் முன்னால் ஒரே ஆங்கில எழுத்தை இட்டுக்கொள்ளுங்கள்; வெறும் இலக்கங்களாக இருந்தால் மேக்இண்டெக்ஸ் அதை ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டு அளவின்படி அடுக்கிவிடும். வகரத்துக்கு 14, ழகரத்துக்கு 15, ளகரத்துக்கு 16 என்றால் வாவல் தானாக வாளைக்கு முன்னால் வந்துவிடும். உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் இதைப் போலவே எண் கொடுக்க வேண்டும். ஆனால் இந்தச் சாவியை ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒவ்வொருவரும் தம் கையால் எழுதினால், ஒரே மீன் மூன்று இடங்களில் அடைவில் தோன்றும். எனவே மீன்பெயர்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்து, ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குறுங்கட்டளையை வரையறுத்து, பெயரும் சாவியும் அங்கே ஒருமுறை மட்டும் எழுதப்பட வேண்டும். மெயின் கோப்பு அதை முகவுரையிலேயே இன்புட் செய்துகொள்ளட்டும். ஒரே மீனுக்குப் பாக் நீரிணைப் பக்கம் ஒரு பெயரும் மன்னார் வளைகுடாப் பக்கம் வேறு பெயரும் வழங்கும் இடங்களில், இரண்டாவது பெயரிலிருந்து முதற்பெயரைப் 'பார்க்க' என்று சுட்டும் பதிவையும் அந்தக் கோப்பிலேயே சேர்த்துவிடலாம். அத்தியாயம் எழுதுபவர்கள் கட்டளையின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அந்தக் கோப்பைத் திருத்தும் உரிமை மட்டும் குழுவில் ஒருவரிடமே இருக்கட்டும்.